கழன்று விழும் கிட்டார் வார்

திருநள்ளாற்றிலிருந்து காரைக்கால் செல்லும் பேருந்தில், என் முன்னிருக்கையில் மெல்லிசைக் குழுவினர் இருவர் ஒரு பேஸ் கிட்டாரை மடியில் கிடத்தியிருந்தனர். இளையவர் திடீரென்று, "ஆணி அடிச்சிடலாம்ணே" என்றபோது நான் செய்தித்தாளைத் தாழ்த்தினேன்.

"அடிப்பே! இதக் குடுத்த சொல்தா ஐயாவுக்கு, பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவருக்கு, என்ன பதில் சொல்றது? பாரீசுல இருக்கற மகனோட பொருள, அவனுக்குத் தெரியாம எடுத்துக் குடுத்துருக்காரு. அடுத்த மாசம் அவன் வரான்."

"அதான்ணே பயமா இருக்கு. நேத்து ஒத்திகையில வார், அத மாட்டுற குமிழ விட்டுக் கழண்டுச்சு. முட்டியக் குடுத்துத் தாங்குனேன். சாயங்காலம் மேடையில விழுந்தா கழுத்து முறிஞ்சிரும்."

"யாரு கழுத்து?"

"கிட்டாரோடதும் என்னோடதும், ரெண்டு கழுத்துந்தான். கயித்தால கட்டுவமா?"

"வேர்வையில முடிச்சு நழுவும். இந்தா பாரு, சைக்கிள் டியூப்புல வெட்டுன வளையம். வார மாட்டிட்டு, அதுக்கு மேல இத குமிழ்ல இறுக்கி ஏத்திட்டா வார் வெளிய வராது."

மூத்தவர் அவ்வாறே வளையத்தை ஏற்றினார். இளையவர் எழுந்து கிட்டாரைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டார். பேருந்து ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. வார் நழுவவில்லை. ஆயினும் இருவருடைய கைகளும் கிட்டாரின் அடியிலேயே இருந்தன.

"தாங்குதுல்ல, கைய எடு."

"நீங்க மொதல்ல எடுங்கண்ணே."