ரங்கூன் குரலுக்கு ஓர் ஆதாரம்

எங்கள் இணையக் கலைக்களஞ்சியத்தில் ருவாண்டா நாட்டு ஏரிகளுக்கெல்லாம் தனித்தனிக் கட்டுரை இருக்கிறதென்றால் அதற்கு நான்தான் காரணம். ருவாண்டாவுக்கு நான் போனதில்லை. சீனமொழியில் அந்த ஏரிகளைத் தேடிப் படிக்கிறவர்கள் மாதத்துக்கு மூன்று பேர் இருந்தால் அதிகம். ஆனாலும் இருக்க வேண்டுமல்லவா? என்றைக்காவது யாரோ ஒருவர் தேடுவார், அவருக்கு வெற்றுப் பக்கம் வரக்கூடாது. இதைச் சொன்னால் என் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். நீங்கள் பொறுமையாகக் கேட்கிறீர்கள், நன்றி.

முதலில் போட்டியைப் பற்றிக் கேட்டீர்கள். ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் வளரும் நாடுகளைப் பற்றிய கட்டுரைப் போட்டி நடக்கும். எங்கள் களஞ்சியத்தில் பாரிஸ் நகரத்துப் பாலம் ஒவ்வொன்றுக்கும் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். லாவோஸில் ஒரு முழு மாகாணத்துக்கு இரண்டே வரி. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் போட்டி. பரிசு ஓர் அஞ்சலட்டை. முதலிடம் வந்தால் கூடவே பயனர் பக்கத்தில் ஒட்டிக்கொள்ள ஒரு மஞ்சள் நட்சத்திரப் படம் தருவார்கள். ஓர் அஞ்சலட்டைக்காக எவனாவது இப்படிச் செய்வானா என்று உங்கள் உதவியாளர் சிரித்தார். செய்யமாட்டான். அதைத்தான் நானும் சொல்கிறேன். நான் செய்தது யாங் பெரியப்பாவுக்காக.

தைபேக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஹுவாசின் தெருவில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. எங்கள் கட்டடத்தில் மின்தூக்கி கிடையாது. அவர் ஐந்தாவது மாடி, நான் மூன்றாவது. காலையில் நான் மேலே போய் முழங்கையைப் பிடித்து அவரை இறக்கிக் கூட்டிவருவேன், இரண்டு பேருமாகக் கின் அக்கா கடைக்குப் போய்ப் பால் தேநீர் குடிப்போம். தெருவில் பாதிப் பேர் பர்மாவிலிருந்து வந்த சீனர்கள், அவரும் அப்படித்தான். இளவயதில் ரங்கூன் வானொலியில் உ டின் சுவே என்ற பர்மியப் பெயரில் கால்பந்து வர்ணனை சொன்னவர். அந்தக் காலத்தில் பர்மாவின் பந்தாட்டத்துக்கு ஆசியாவே பயந்தது. மைதானத்துக்குள் போக முடியாதவர்களுக்கு ஆட்டம் என்றால் அவர் குரல்தான். எங்கள் தெருக் கிழவர்கள் அவர் வாயைத் திறந்தால் இன்றைக்கும் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுவார்கள்.

அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. கடை வாசலில் உட்கார்ந்துகொண்டு கண்ணில் படுவதையெல்லாம் வர்ணிப்பார்.

"இதோ கின் வர்றா. இடது கையில நாலு கிளாஸ், வலது கையில சமோசாத் தட்டு. நடுவுல ஒரு ஆளு குறுக்க நிக்கிறான். யாரு அது? நம்ம களஞ்சியம். வழக்கம்போல நின்னுக்கிட்டே தூங்குறான். கின் இடது பக்கம் காட்டி வலது பக்கம் போயிட்டா. மேசைக்கு வந்துட்டா. ஒரு சொட்டு சிந்தல. ரங்கூனே எழுந்து நிக்குது."

"பெருசு, டீ ஆறுது," என்பாள் கின் அக்கா. "வாயால வயிறு ரொம்பாது, குடி."

"நடுவர் மஞ்சள் அட்டை காட்டுறாரு," என்று முடித்துவிட்டுத்தான் குடிப்பார். களஞ்சியம் என்று அவர் கூப்பிட்டது என்னைத்தான். பாடப்புத்தகப் பதிப்பகம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே பிழை திருத்துகிற எனக்கு, ஆசையாகப் பெயர் வைத்துக் கூப்பிட வேறு யாரும் இல்லை.

இந்த மார்ச்சில் அவரைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். ஏரிகளைப் போலில்லாமல் இதை மனம் விட்டு எழுதினேன். பதிவேற்றிய அன்றே 'தாமரைக்கிழங்கு' என்ற பெயரில் இயங்கும் பயனர் அதை நீக்கல் விவாதத்துக்கு அனுப்பினார். ஒரு வாரம் அவகாசம். ஒருவரைப் பற்றிக் கட்டுரை நிற்க வேண்டுமென்றால் அவருக்குச் சம்பந்தமில்லாத இரண்டு இடங்களிலாவது அச்சில் அவரைப் பற்றி வந்திருக்க வேண்டும். யாங் பெரியப்பாவைப் பற்றி ஒன்றுகூட இல்லை. இருந்ததெல்லாம் அவர் வாய்.

தேடாமல் இல்லை. ரங்கூன் நூலகத்துக்கு எழுதினேன். கிணற்றில் போட்ட கல். வானொலியின் பழைய ஒலிநாடாக்களின் மேலேயே பாட்டைப் பதிந்து அழித்துவிட்டார்கள் என்று அவரே சொல்லியிருந்தார். தைபேயில் ஒரு பல்கலைக்கழகத்தில் அந்தக் காலத்துப் பர்மியச் செய்தித்தாள் கட்டு ஒன்று கிடந்தது. பர்மிய மொழி தெரிந்த கின் அக்காவைக் கெஞ்சிக் கூட்டிப்போய் முழுநாளும் படித்துக்காட்டச் சொன்னேன். ஆட்டக்காரர்கள் பெயர் இருந்தது. மாலை போட்ட அமைச்சர் பெயர் இருந்தது. இடைவேளையில் வாசித்த பாண்டு வாத்தியக் குழுவின் பெயரும் இருந்தது. நாடு முழுவதும் யார் வாய் வழியாக அந்த ஆட்டத்தைக் கேட்டதோ, அவர் பெயர் இல்லை. திரும்பி வரும் பேருந்தில் கின் அக்கா, "ஏம்ப்பா, அவரு இருக்காருங்கிறதுக்கு நாங்க இத்தனை பேரு சாட்சி இருக்கோமே, பத்தாதா?" என்று கேட்டாள்.

பத்தாது. தெருக் கிழவர்களின் நினைவு ஆதாரமாகாது, கட்டுரையாளர் உணர்ச்சிவசப்படுகிறார் என்று தாமரைக்கிழங்கு எழுதினார். அவர் சொன்னது சரி. அதே விதியைக் காட்டி நான் எத்தனையோ பேருடைய கட்டுரையை நீக்கியிருக்கிறேன். அப்போதெல்லாம் அவர்கள் கதறினால் எனக்கு எரிச்சலாக இருக்கும். இப்போது புரிந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. திருத்த வேண்டிய பாடத்தை எடுத்தால் எழுத்து ஓடுகிறது. 'நீக்கு', 'நீக்கு' என்று ஒவ்வொருவராக வந்து ஒப்பமிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெறும் பெயர்ப் பட்டியல்தான், ஆனால் இப்படி ஒரு மனிதர் இருந்ததே இல்லை என்று உலகம் கைதூக்கி வாக்களிப்பதுபோல் இருந்தது. யாராவது ஒரே ஒரு காகிதத்தைக் காட்டினால் அவர் காலில் விழுந்திருப்பேன்.

கடைசியாக ஒரு நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்து நிருபர் கோ யீ-ஜென்னைப் போய்ப் பார்த்தேன். நல்ல பெண். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"ஃபாங் சார், தப்பா எடுத்துக்காதீங்க. பெரியவர் டீ குடிக்கிறாரு, கமெண்ட்ரி சொல்றாரு, கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இன்னைக்கு என்ன நடந்துச்சு சொல்லுங்க? செய்தின்னா ஏதாவது நடக்கணும்ல."

வாசல் வரை வந்தவர் சங்கடத்தோடு சிரித்தார். "இதைச் சொல்லக் கூடாது. அவருக்கு ஏதாவது ஆயிட்டா எனக்கு ஒரு போன் போடுங்க. அரைப் பக்கம் வாங்கித் தர்றேன். அதுக்குன்னா எடிட்டர் மறுக்கவே மாட்டாரு."

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். மனிதனுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது என்பதை அந்த வாசலில்தான் தெரிந்துகொண்டேன். கோ மீது எந்தத் தவறும் இல்லை, அதைப் பதிவுசெய்துகொள்ளுங்கள். அவர் சொன்னது வழக்கமான ஒரு பேச்சு. அதைப் பெரியப்பாவிடம் நானே சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

"நான் செத்தாத்தான் நியூஸா? அப்ப அந்தப் பொண்ணை வெயிட் பண்ணச் சொல்லு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

"உங்க பேரு போயிடும் பெரியப்பா. யாருக்கும் தெரியாமப் போயிடும்."

"போனாப் போகுது. நான் பேசினது காத்துல. காத்துல பேசினவனுக்குக் காகிதம் எதுக்குடா? நீ ஏன் இப்படி இளைச்சுக் கிடக்க? ஒரு சமோசா தின்னு."

பெரியவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். உள்ளுக்குள் ஆசை இல்லாமலா இருக்கும் என்று நான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மறுநாள் காலை தூறல். படியெல்லாம் ஈரம். சாம்பல் நிற மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு அவர் இறங்கினார். நான் முழங்கையைப் பிடித்திருந்தேன். பிறகு அவரை முன்னால் விட்டு ஒரு படி பின்னால் வந்தேன். எங்கள் கட்டடத்தில் கைப்பிடிச் சுவர் நான்காவது மாடித் திருப்பத்துக்குக் கொஞ்சம் முன்பே முடிந்துவிடும். தவறி விழுந்தார் என்று முதலில் உங்களிடம் சொன்னேன். அது சரியல்ல. அதைத் திருத்திக்கொள்கிறேன். பெரிய பலம் ஒன்றும் தேவைப்படவில்லை.

திருப்பத்தில் ஒருக்களித்துக் கிடந்தார். நான் பயந்ததுபோல் அவர் கத்தவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு அந்த வானொலிக் குரலில், மெதுவாகச் சொன்னார்.

"டின் சுவே விழுந்துட்டாரு. பந்து அவர்கிட்ட இல்ல. பின்னாலேர்ந்து தள்ளினது. தள்ளினவன் எதிர் டீம் இல்ல, நம்ம டீம் பையன். நடுவர் பாக்கல. ஆட்டம் தொடருது."

அப்புறம் சாதாரணக் குரலில், "களஞ்சியம், ஆம்புலன்ஸைக் கூப்பிடுடா," என்றார்.

நான் படியில் உட்கார்ந்தேன். அவர் பர்மிய மொழியில் ஏதோ சொல்லத் தொடங்கினார். எனக்குப் புரியவில்லை. ஆட்டக்காரர்களின் பெயர்கள் மட்டும் புரிந்தன, அந்தச் செய்தித்தாளில் கேட்ட அதே பெயர்கள். குரல் தேய்ந்தபோது எழுந்து என் வீட்டுக்கு வந்தேன். கணினி திறந்தே இருந்தது. கட்டுரையின் முதல் வரியில் பிறந்த ஆண்டுக்குப் பக்கத்தில் அன்றைய தேதியைச் சேர்த்தேன். சேமித்த பிறகுதான் உறைத்தது. இறப்புக்கு இன்னும் ஆதாரம் எதுவும் வெளிவரவில்லை. ஆதாரமில்லாத தகவலை என் கட்டுரையில் நானே விட்டுவைக்கக் கூடாது. உடனே எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸுக்கு 119-ஐ அழைத்தேன். அப்போது அவருக்கு மூச்சு இருந்ததா என்று கேட்கிறீர்கள். நான் திரும்ப மேலே போய்ப் பார்க்கவில்லை.

கோ சொன்ன சொல் தவறவில்லை. 'ஹுவாசின் தெருவில் அடங்கியது ரங்கூன் குரல்' என்று அரைப் பக்கம். கிழவர்கள் எட்டுப் பேர் அழுதுகொண்டே பேட்டி கொடுத்திருந்தார்கள். அதே நினைவுதான், இப்போது அச்சில் இருந்தது. அதைப் பார்த்து இன்னொரு நாளிதழும் எழுதியது. விவாதத்தில் இரண்டு சுட்டியையும் கொண்டுபோய் வைத்தேன். தாமரைக்கிழங்கு தன் நீக்கல் கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார், கட்டுரையில் ஒரு காற்புள்ளியைச் சரிசெய்தார், ஆழ்ந்த அனுதாபங்கள் என்றும் எழுதினார். நேர்மையான மனிதர்.

கின் அக்கா அந்த அரைப் பக்கத்தைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீ இல்லேன்னா அந்த மனுசன் இருந்ததே யாருக்கும் தெரிஞ்சிருக்காது, நீ நல்லா இருக்கணும்ப்பா," என்று அழுதாள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை. அவர் போன பிறகு காலையில் அந்தப் படியில் இறங்குவது எனக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது.

நான் எப்படி மாட்டிக்கொண்டேன் என்று நீங்கள் சொல்லாமலே எனக்குத் தெரியும். எங்கள் களஞ்சியத்தில் எதுவும் அழியாது. எடுத்துவிட்ட வரியும் யார் எழுதியது, எப்போது என்ற குறிப்போடு வரலாற்றில் கிடக்கும். அதை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை, தாமரைக்கிழங்கைத் தவிர. மற்றவர்கள் ஜாதகம் பார்ப்பதுபோல் அவர் திருத்த வரலாறு பார்ப்பார். நாளிதழில் வந்த நேரப்படி ஆம்புலன்ஸுக்கு அழைப்பு போகும் முன்பே இறந்த தேதி எப்படி வந்தது என்று உங்களுக்கு எழுதியிருக்கிறார். அவர்மீது எனக்கு வருத்தமில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் எழுதியிருப்பேன்.

சற்று முன்பு மருத்துவமனைக் காகிதம் ஒன்றை என் முன்னால் வைத்தீர்கள். ஈரலில் புற்று, முற்றிய நிலை, இந்தக் கோடையைத் தாண்டமாட்டார். தெரியும். சோதனைக்கு அவரைக் கூட்டிப்போனவனே நான்தான், முடிவைச் சொன்னபோது பக்கத்தில் இருந்தேன். "அப்ப கொஞ்ச நாள் பொறுத்திருந்தா அதே அரைப் பக்கம் தானா வந்திருக்குமே. நீக்கின கட்டுரையைத் திரும்பப் போட வழியில்லையா?" என்று கேட்டீர்கள்.

வழி இருக்கிறது. ஆதாரம் கிடைத்தவுடன் எப்போது வேண்டுமானாலும் மீட்டுக்கொள்ளலாம். புதிதாக வருகிறவர்கள் அழும்போது இதைச் சொல்லித்தான் நான் அவர்களைத் தேற்றுவேன். அவர் பெயருக்கு ஒரு குறையும் வந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போட்டி விதியை நீங்கள் கடைசி வரை படிக்கவில்லை. போட்டிக்குக் கொடுத்ததில் மார்ச் முடிவதற்குள் ஒரே ஒரு கட்டுரை நீக்கப்பட்டாலும் அதை எழுதியவரைப் போட்டியிலிருந்தே எடுத்துவிடுவார்கள். இத்தனை ஆண்டுகளில் முதன்முறையாக, அந்த வாரம் நான் முதலிடத்தில் இருந்தேன்.