மன்னிக்கணும், இப்போ ஒரு சத்தம் வரும்

இந்த மின்விசிறியை ஓட விட்டதற்கு முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். கடகடவென்று ஆடுகிறது, உங்களுக்கு எரிச்சலாகக்கூட இருக்கலாம். எனக்கு அது இல்லாவிட்டால் இப்படி ஜன்னல் மூடிய அறையில் உட்கார்ந்து கோர்வையாகப் பேச வராது. நானாகத்தான் இந்த ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன், ஐயா. என்மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. எங்கள் குழுவில் இருந்த வெல்டருக்கு நடந்தது விபத்து என்றுதான் அவர் மனைவி உட்பட எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கட்டடங்களில் மாட்டியிருக்கும் தீ எச்சரிக்கை சைரன்களைச் சோதிப்பது என் வேலை. ஏணி போட்டு ஏறி, தூசி தட்டி, இறங்கி வந்து, பெட்டியில் சாவியைத் திருப்பி ஊத விட வேண்டும். ஆபீசோ ஆஸ்பத்திரியோ, அங்கே இருப்பவர்களிடம் "மன்னிக்கணும், இப்போ ஒரு சத்தம் வரும்" என்று சொல்லாமல் நான் சாவியைத் திருப்பியதே கிடையாது. கூட வேலை செய்தவர்கள், இவன் பேயைக்கூட 'வாங்க, உட்காருங்க' என்றுதான் கூப்பிடுவான் என்று கேலி செய்வார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. வளர்ந்த விதம் அப்படி.

ஒரு நாள் சாவியைத் திருப்பி நிறுத்திய பிறகும் சத்தம் நிற்கவில்லை. பெட்டியைத் திறந்து கம்பிகளை எல்லாம் இழுத்துப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த அம்மா, "அது எப்பவோ நின்னுடுச்சே" என்றார். பழுது பெட்டியில் இல்லை, என் காதில். அன்று தொடங்கியது இன்னும் ஓயவில்லை. இப்போது உங்களோடு பேசிக்கொண்டிருக்கும்போதும் ஊதிக்கொண்டுதான் இருக்கிறது, இந்த மின்விசிறிச் சத்தம்தான் அதைக் கொஞ்சம் மூடிவைக்கிறது. டாக்டர் நல்ல மனிதர், பழகிவிடும் என்றார். என் மனைவி அவரைவிட நல்லவள். "வாய் விட்டுத் திட்டிடுங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்" என்பாள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு திட்டியும் பார்த்தேன். வார்த்தை வந்தது, கோபம் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பது போல இருந்தது. வெட்கமாகப் போய்விட்டது.

அப்போதுதான் டீச்சரம்மாவின் குழுவைப் பற்றிக் கேள்விப்பட்டேன். வாத்தியம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், அவருக்கும் காதில் இரைச்சல். நூலகத்தின் பின்னறையில் வாரா வாரம் எங்களைக் கூட்டிவைப்பார். அங்கே இரண்டு ஒழுங்குகள் உண்டு. கூட்டம் தொடங்கியதும் ஆளாளுக்குத் தன் காதுச் சத்தத்தை இஷ்டத்துக்குத் திட்டிக்கொள்ளலாம். சத்தத்தை மட்டும், மனிதர்களை அல்ல. அது முடிந்ததும் எல்லோருக்கும் 'நீங்க', 'வாங்க'தான். காதில் எதையாவது அடைத்துக்கொண்டு ஒருவர் பேசுவதைக் கேட்பதும் மரியாதை இல்லை. எவ்வளவு கூச்சமாக இருந்தாலும் இயர் பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் முகம் பார்க்க வேண்டும். யார் வாய் திறந்தாலும் எங்கள் கை தானாகக் காதுக்குப் போகும். அந்த அளவுக்கு ஊறிப்போன பழக்கம்.

எங்களுக்குத் திட்டவும் தெரியாது. டீச்சரம்மா "சனியனே" என்பார், உடனே சுற்றி இருப்பவர்களிடம் மன்னிப்புக் கேட்பார். தையற்கடை அம்மா "பாழாப் போறவனே" என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொள்வார். என் முறை வந்தால் நான் "அவர் இந்த வாரமும் போகலைங்க" என்பேன். என் சத்தத்தை 'அவன்' என்று சொல்லக்கூட எனக்கு நா எழவில்லை.

பிறகு வெல்டர் வந்து சேர்ந்தார். இரும்புப் பட்டறையில் கிரைண்டர் பக்கத்திலேயே காலம் தள்ளியவர். முதல் நாளே எழுந்து நின்று, வேட்டைக்குக் கிளம்புகிறவர் மாதிரி சட்டைக் கையை மடித்துக்கொண்டார். "டேய், வீட்டோட மாப்பிள்ளை" என்றுதான் தொடங்கினார். "வேலைக்கும் போக மாட்ட, வெளியவும் போக மாட்ட, என் தலைக்குள்ள கால நீட்டிப் படுத்துக்கிட்டு எங்கிட்டயே அதிகாரமாடா பண்ற?" அதற்கு மேல் அவர் சொன்னதை உங்கள் முன்னால் சொல்ல எனக்கு வாய் வராது. அந்தச் சத்தத்தின் தாய், தகப்பன், அவர்களுடைய கல்யாணம், ஒன்றையும் அவர் விட்டுவைக்கவில்லை. தையற்கடை அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

எனக்கு நடந்தது வேறு. அவர் திட்டிக்கொண்டிருந்தபோது என் காது அமைதியாக இருந்தது. குறைந்தது என்று சொல்லவில்லை, ஐயா. சத்தமே இல்லை. நாற்காலி தரையில் உராய்வது, டீச்சரம்மா மூச்சு விடுவது எல்லாம் தனித்தனியாகக் கேட்டது. அவர் உட்கார்ந்ததும் திரும்ப வந்துவிட்டது. அடுத்த வாரமும் அப்படியே, அதற்கடுத்த வாரமும் அப்படியே. வாரம் முழுக்க நான் அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவர் திட்டுவதைப் போனில் பதிவு செய்தும் கேட்டுப் பார்த்தேன். பலிக்கவில்லை. ஆளே எதிரில் நின்று திட்ட வேண்டியிருந்தது. இதை அவரிடம் நான் சொன்னதில்லை. எப்படிச் சொல்வது?

அப்புறம் அவருக்குக் குணமாகத் தொடங்கியது. மழைத் தூறல் மாதிரி ஓசை விடும் ஒரு சின்னக் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டார். கிரைண்டரை விட்டுவிட்டு, பட்டறையிலேயே சாமான் எடுத்துக்கொடுக்கும் இடத்துக்கு மாறினார். மகளை மடியில் வைத்துக்கொண்டு தூங்கியே போய்விட்டேன் என்று ஒரு வாரம் சொன்னார். திட்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. கடைசியில் ஒரு வாரம் எழுந்து நின்று, சட்டைக் கையை மடிக்காமலே, "திட்ட ஒண்ணும் தோணலைங்க. அவர் பாட்டுக்கு ஒரு மூலையில இருக்கார், நான் பாட்டுக்கு இருக்கேன்" என்றார். சத்தத்தை 'அவர்' என்றார், ஐயா. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அந்தக் கைதட்டல் ஓய்ந்ததும் என் காதில் ஊதியது பாருங்கள், அது போல அதற்கு முன்னால் ஊதியதே இல்லை.

வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அடுத்த வாரம் வந்து எல்லாருக்கும் ஒரு வார்த்தை சொல்லிட்டு நின்னுக்கறேங்க. நான் பேசின பேச்சுக்கு ஒரு தடவைகூட முகம் சுளிக்காம கேட்டது நீங்கதான்" என்றார். நல்ல மனிதர், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் போய்விட்டால் அந்தக் குழு என்ன ஆகும் என்று யாராவது யோசித்தார்களா? டீச்சரம்மாவின் 'சனியனே'யை வைத்துக்கொண்டு நாங்கள் எத்தனை நாள் ஓட்டுவது? குழுவுக்காகத்தான் யோசித்தேன்.

அந்தப் பின்னறைக் கதவுக்கு மேலே ஒரு சைரன் இருக்கிறது. அதைச் சோதிப்பதும் நான்தான். சைரனைச் சுற்றி ஒரு இரும்புக் கூண்டு உண்டு. கூட்டத்துக்குச் சற்று முன்னாலேயே போய் அதன் ஆணிகளைக் கழற்றி, ஒன்றே ஒன்றில் தொங்க விட்டேன். வெல்டரைக் கொஞ்சம் சீக்கிரம் வரச் சொல்லியிருந்தேன். கூண்டு கழன்றுவிட்டது, என் முட்டி ஏற விடமாட்டேன் என்கிறது, ஏறிப் பிடித்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். இரும்பு வேலைக்காரரிடம் இதைக் கேட்க வேண்டுமா? மழைக் கருவியைக் கழற்றிப் பையில் போட்டார், "சைரன் பக்கம் போறோம்ல" என்று சிரித்துக்கொண்டே இரண்டு காதிலும் இயர் பிளக்கைத் திணித்தார், ஏறினார். நல்ல எச்சரிக்கை உள்ளவர். குழுவுக்கு வருவதற்கு முன்பிருந்த ஆளாக இருந்தால், யார் பேசினாலும் அந்த பிளக்கைக் கடைசி வரை எடுத்திருக்கவும் மாட்டார்.

ஏணிக்குக் கீழே, சாவிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். வேலைக்குப் போடும் காது மூடியை மாட்டிக்கொண்டேன். பிறகு அவரை நிமிர்ந்து பார்த்து, தணிந்த குரலில் எதையோ சொல்வது போல உதட்டை அசைத்தேன். "என்னங்க?" என்றார். மறுபடியும் அசைத்தேன். ஒரு கையால் கூண்டைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் ஒரு காதில் இருந்ததை எடுத்தார், பிறகு மற்றதையும் எடுத்தார். தலையைக் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். எங்கள் பழக்கம் அது.

"மன்னிக்கணும், இப்போ ஒரு சத்தம் வரும்" என்றேன். சொல்லாமல் திருப்பவில்லை, அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். சொன்னேன், திருப்பினேன்.

சோதனைக்கு இவ்வளவு நேரம் ஊத வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறது. அதை நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சைரனின் வாய்க்கும் அவர் காதுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. கூண்டை விட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் விடவில்லை. அந்த ஆணியும் கழன்றுவிட்டது, விட்டிருந்தால் கூண்டு நேராக என் தலையில் விழுந்திருக்கும். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடியபடி, ஊதி முடிகிற வரை நின்றார். பிறகு கூண்டோடு மெதுவாக இறங்கி வந்து அதைத் தரையில் வைத்தார். "உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். தான் கத்துவது அவருக்குத் தெரியவில்லை.

நான் காத்திருந்தேன். அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை வரவில்லை.

அவர் காதில் பிளக் இருக்கிறது என்று நினைத்துத்தான் சாவியைத் திருப்பினேன் என்று நான் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள், அவரும் நம்பினார். ஒரு காது முழுக்கப் போய்விட்டது. மற்றதில் கொஞ்சம் கேட்கிறது, ஆனால் அதில் முன்பைவிடப் பல மடங்கு இரைச்சலாம். மழைக் கருவியால் இனிப் பயன் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் வீட்டுக்கு நான் விடாமல் போனேன். பழம் வாங்கிக்கொண்டு போனேன், மகளுக்குப் பொம்மை வாங்கிக்கொண்டு போனேன். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். மகள் பேசினால் உதட்டைப் பார்த்துத் தலையாட்டுவார். "வாயே திறக்க மாட்டேங்கறார். முன்ன மாதிரி நாலு கெட்ட வார்த்தை பேசினாக்கூடத் தேவலைன்னு இருக்கு" என்று அவர் மனைவி என்னிடம் அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அவர் காதருகே போய், திட்டுங்க, மனசுல வெச்சுக்காதீங்க என்று கெஞ்சினேன். "யாரைங்க திட்டுறது? யார் மேலயும் தப்பில்லையே" என்றார்.

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. அவருக்குத் திட்ட ஓர் ஆள் வேண்டும். காரணம் தெரியாமல் ஒரு மனிதன் எத்தனை காலம் இப்படி வாயைக் கட்டிக்கொண்டு கிடப்பான்? அதனால்தான் வந்தேன். செய்தது நான்தான், தெரிந்தே செய்தேன். எந்தத் தண்டனையானாலும் கொடுங்கள், எதிர்த்துப் பேச மாட்டேன். எல்லாம் அவருடைய நன்மைக்குத்தான்.

ஒரு உதவி மட்டும், ஐயா. அவரை இங்கே ஒரு தடவை கூட்டி வந்து, என் எதிரில் உட்கார வைத்து, நான் சொன்னதை எல்லாம் எழுதிக் காட்டுங்கள். படித்து முடித்து அவர் சட்டைக் கையை மடிக்க ஆரம்பித்ததும், தயவுசெய்து இந்த மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.