ராக்கு படியில் கேட்கிற ரெண்டு கேள்வி

ரொம்ப காலத்துக்கு முன்னாடி வன்னியூரணின்னு ஒரு ஊரு. அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவ ராக்கு. பேசவேமாட்டா. கேட்டா தலையாட்டுவா, கேக்காட்டி அதுவும் இல்ல. "மூக்காயி மருமகளுக்கு வாயில கொழுக்கட்டை"ன்னு ஊருணிக்குத் தண்ணிக்கு வர்ற பொம்பளைக சிரிப்பாங்களாம்.

அவளுக்கு ஒரு ஆம்பளப் பிள்ளை பிறந்துச்சு. நல்லாத்தான் குடிச்சுச்சு. கொஞ்ச நாள்ல பிள்ளை நாக்குலயும் கன்னத்து உள்பக்கமும் தயிர் அப்புன மாதிரி வெள்ளை வெள்ளையா வந்துச்சு. பால் படிஞ்சிருக்குன்னு மாமியா மூக்காயி துணியை நனைச்சுத் துடைச்சா. வரலை. அழுத்தித் துடைச்சா, ரத்தம் வந்துச்சு. "அடியாத்தே, இது பச்சப்பிள்ளைக வாயில வர்ற அக்கரம்ல"ன்னு, ஊசி போட வர்ற நர்சம்மாகிட்ட காட்டுனா. நர்சம்மா ஊதா மருந்து குடுத்துச்சு. தடவுனதும் பிள்ளை வாய் நாவப்பழம் தின்ன வாயாட்டம் ஆயிருச்சு. வெள்ளை போச்சு. போய், திரும்ப வந்துச்சு. மறுபடி தடவுனாங்க. மறுபடி போச்சு, மறுபடி வந்துச்சு.

இந்தப் பக்கம் ராக்குக்கு மார்க்காம்பு ரெண்டும் மிளகா அரைச்சுத் தடவுன மாதிரி எரியுமாம். பிள்ளை குடிச்சு முடிச்ச பிறகும் உள்ளுக்குள்ள சுருக்கு சுருக்குன்னு குத்துமாம். முந்தானையைக் கடிச்சுக்கிட்டே குடுப்பா. யார்கிட்ட போய்ச் சொல்றது? அந்த இடத்தை வாய்விட்டுச் சொல்லவே கூச்சம். மாமியாகிட்டயும் சொல்லலை, புருஷன்கிட்டயும் சொல்லலை, மருந்து குடுத்த நர்சம்மாகிட்டயும் சொல்லலை.

வெள்ளை போய்ப் போய் வர்றதை மூக்காயி பாத்தா. பாத்துட்டுச் சொன்னா: "ஏத்தா, உன் பாலு கெட்டுப்போச்சு. அதான் திரும்பத் திரும்ப வருது. நாளையிலருந்து ஆட்டுப்பாலு ஊத்துவோம். நீ குடுக்காத."

ராக்கு பிள்ளையை வாரி நெஞ்சோட அணைச்சுக்கிட்டா. அந்த ஊர்ல அப்படி மார் மறக்கடிச்ச பச்சப்பிள்ளைக வயித்தால போயே செத்திருக்கு. நாத்தனா பிள்ளை அப்படித்தான் போச்சு.

மறுநா காலையில பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு, குடத்தோட ஊருணிக்கு வந்தா. படி நிறையப் பொம்பளைக. செல்லாயின்னு ஒரு வாயாடி கேட்டா: "என்னடி ராக்கு, உன் பாலு கசந்துபோச்சாமே?"

"கசக்கலக்கா."

எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க.

"பாலு கசக்கலை. எனக்கு வலிக்குது. புள்ளை வாயில அக்கரம் வந்ததுலருந்து மாரு எரியுது. குடுக்கயில உசுரு போகுது. ஆனா நான் நிறுத்தமாட்டேன்."

அவ அத்தனை வார்த்தை சேந்தாப்புல பேசினது அன்னைக்குத்தானாம். யாரும் சிரிக்கலை. செல்லாயி மெதுவா குடத்தைக் கீழ வச்சா.

"எனக்கும் அப்படித்தான்டி எரிஞ்சுச்சு, மூத்தவனுக்குக் குடுக்கயில. பாலு கெட்டுப்போச்சுன்னாங்க. நானும் நம்பிட்டேன்."

அந்த மூத்தவன் இல்லை. எல்லாருக்கும் தெரியும்.

செல்லாயியே ராக்கு கையைப் பிடிச்சு நர்சம்மாகிட்ட கூட்டிட்டுப் போனா. "இவ சொல்ல வெக்கப்படுவா, நான் சொல்றேன்"னு எல்லாத்தையும் சொன்னா. நர்சம்மா தலையில அடிச்சுக்கிச்சாம்.

"ஏம்மா, இதை முதல்லயே சொல்லக்கூடாதா? புள்ளை வாயிலருந்து உனக்கு, உன்கிட்டருந்து புள்ளைக்கு. இப்படி மாத்தி மாத்தி ஒட்டிக்கிட்டே இருக்கும். ரெண்டு பேருக்கும் சேத்து மருந்து போடணும். பாலை நிறுத்தாத. புள்ளைக்கு ஊத்துற பாலாடை, பால் துணி எல்லாத்தையும் கொதிக்க வச்சு வெயில்ல காயப்போடு."

வீட்டுக்கு வந்து சொன்னதும் மூக்காயி முணுமுணுத்தா: "துணியையும் பாலாடையையும் குழம்பு வைக்கச் சொல்றாளா உங்க நர்சு?" முணுமுணுத்துக்கிட்டே அடுப்பை மூட்டுனவளும் அவதானாம். அம்மாவும் பிள்ளையும் ஊதா ஊதாவா இருந்தாங்க. பாக்குறவுக சிரிச்சாங்க, ராக்கும் சிரிச்சா. வெள்ளை போச்சு. எரிச்சலும் போச்சு. போனது திரும்பி வரலை. பிள்ளை வளந்து, பேரன் பேத்தி எடுத்து, வயசாகித்தான் கண்ணை மூடுனானாம்.

ராக்கு நின்னு பேசின படிக்கு இன்னைக்கும் ராக்கு படின்னுதான் பேரு. இப்ப வேற வேற மருந்தெல்லாம் வந்திருச்சு. ஆனாலும் பிள்ளை பெத்தவ முத முதல்ல தண்ணிக்கு வந்தா, அந்தப் படியில நிறுத்தி ரெண்டு கேள்வி கேப்பாங்க. "புள்ளை குடிக்குதா?" முதல் கேள்வி. "உனக்கு வலிக்குதா?" ரெண்டாவது. முதல் கேள்விக்கு எல்லாரும் சட்டுனு சொல்லிருவாங்க. ரெண்டாவதுக்குத் தலையைக் குனிஞ்சுக்குவாங்க. பரவாயில்லைன்னு நிப்பாங்க எல்லாரும். அவ வாயைத் திறந்து சொல்ற வரைக்கும் ஒருத்தியும் குடத்தைத் தூக்கமாட்டா.