நாற்பத்தொன்றே முக்கால் அங்குலம்

டார்லீன்: இன்னொரு வாட்டியா? ஃபோர்க்லிஃப்ட்டுக்கே மூச்சு வாங்குது எமில்!

எமில்: அடிக்கதவுக் கொக்கி விழற சத்தம் கேட்டியா? ‘ணங்’னு விழணும். இது என்னமோ...

டார்லீன்: உலைக்குள்ள இரும்பு கொட்டற பழைய தொட்டி. தட்டி நிமுத்தி, வெல்டு வச்சு, பெயிண்ட் அடிச்சு விக்கிறோம். கச்சேரிக்கா வாங்கறீங்க?

எமில்: உள்ள ஒரு டன் இரும்பு கிடக்கும்போது அடிக்கதவு தானா திறந்துக்கிட்டா? கீழ நிக்கிறவன் கதி?

டார்லீன்: யாரு நிக்கப் போறா?

எமில்: ...எங்க கம்பெனி ஆளுங்கதான்.

டார்லீன்: ஆளுங்க! சரி சரி. காபி குடிங்க. டோனட் ஒண்ணு இருக்கு... உங்களுக்குன்னு எடுத்து வச்சேன்னு நெனச்சுக்காதீங்க.

எமில்: பட்டைத்தூள் போட்டதா?

டார்லீன்: வாய் கேக்குது பாரு! ஆமா, உங்க பக்கத்து வீட்டு ஐரீன் சொன்னா... வீட்ல வாஷிங் மெஷின் நல்லாத்தான் ஓடுதாம். நீங்க என்னடான்னா சலவைக் கடையில போய் உக்காந்திருக்கீங்களாம்?

எமில்: ஐரீனுக்கு வேற வேலை இல்ல.

டார்லீன்: எனக்கும் இல்ல. அதான் கேக்கறேன்.

எமில்: அங்க... கதகதன்னு இருக்கும். நாலு பேர் வந்து போவாங்க. விடு. இந்த ஓரத் தொட்டியைத் தூக்கிக் காட்டு.

டார்லீன்: இன்னியோட சரி. திங்கக்கிழமை கிளீவ்லாண்டுலேருந்து லாரி வருது. மொத்தத்தையும் அள்ளிட்டுப் போறான்.

எமில்: மொத்தமுமா? ஒண்ணுகூட...

டார்லீன்: வேணும்னா இப்பவே சொல்லுங்க. பனி விழுறதுக்கு முன்னாடிலேருந்து தட்டித் தட்டிப் பாக்கறீங்க.

எமில்: அவசரப்பட்டா ஆச்சா? உலையோட வாய்க்குள்ள தொட்டிக் கதவு இடிக்காம விரியணும்ல?

டார்லீன்: வாய் எவ்வளவு? இன்னொரு வாட்டி சொல்லுங்க.

எமில்: நாப்பத்தொண்ணே முக்கால் அங்குலம். ஒரு ஓரம் நசுங்கியிருக்கும், அங்க கொஞ்சம் விட்டுப் பிடிக்கணும்.

டார்லீன்: ...இடது ஓரம்.

எமில்: ஆமா, இட... உனக்கெப்படித் தெரியும்?

டார்லீன்: எல்லாரும் நாப்பத்திரண்டுதான் வைப்பாங்க. நாப்பத்தொண்ணே முக்கால் இந்த ஊர்ல ஒண்ணே ஒண்ணுதான், நீங்க ஃபோர்மேனா இருந்த அந்த இரும்பு வார்க்கிற ஃபவுண்டரியில. அதை இடிச்சப்ப இந்தத் தொட்டிங்களோட சேத்து அந்த உலையையும் நான்தான் வாங்கினேன். அதோ, வேலியோரம் வெட்டிப் போட்டிருக்கே... அதான். கம்பெனிக்கு வாங்கறேன்னீங்களே. எந்தக் கம்பெனி எமில்?

எமில்: எப்பலேருந்து தெரியும்?

டார்லீன்: அளவு முதல் நாளே சொல்லிட்டீங்க. நசுங்கல் கதைதான் இன்னிக்குப் புதுசு.

எமில்: தெரிஞ்சுமா வாராவாரம் தூக்கிக் காட்டினே? சீ... மன்னிச்சுக்கோ. மெஷின் சத்தத்துக்கு நடுவுலயே கிடந்தவன். வீட்ல கடிகாரம் மட்டும்தான் பேசுது. ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து உன் யாவாரத்தைக் கெடுத்துட்டேன்.

டார்லீன்: என்ன யாவாரம்? சனிக்கிழமை இந்த யார்டுக்கு எப்பவுமே லீவு. உங்களுக்காகத்தான் வந்து கேட்டைத் திறக்கறேன்... எனக்கு மட்டும் வீட்ல யாரு இருக்கா?