முழங்கைக்குத் தேசிக்காய்

தோல் விஷயத்தில் ஆட்களுக்குக் கொஞ்சமும் பொறுமை இல்லை ஐயா. இன்றைக்குப் பூசினால் நாளைக்கே பளபளக்க வேண்டும். திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பின்னால் பதினெட்டு வருடமாகப் பூச்சுமருந்துக் கடை வைத்திருக்கிறேன். கற்றாழை எரிவை ஆற்றும், தேன் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பயற்றம் மா எண்ணெய்ப் பசையை எடுக்கும், கிளிசரினும் பன்னீரும் கலந்து பூசினால் சொரசொரப்புப் போகும். இதை ஒரு நாளைக்குப் பத்துத் தரமாவது சொல்லியிருப்பேன். என்னிடம் வந்த தோல் ஒன்றைத் தவிர வேறொன்றும் கெட்டதில்லை.

காணாமற்போனவர்களின் விபரம் எழுத வந்த உங்களிடம், குணேஸ்வரியின் தாய் நல்லம்மா என்னைச் சாட்சி என்று சொல்லியிருக்கிறார். பாவம், அவருக்குத் தெரியாது. நான் சாட்சி இல்லை. எழுதுங்கள், நிதானமாகச் சொல்கிறேன்.

எனக்கு ஒரே மகன், யோகலிங்கம். எண்பத்தைந்தில் அவனுடைய தகப்பனைச் சுற்றிவளைப்பில் பறிகொடுத்த நாளிலிருந்து, இவனையாவது உயிரோடு வெளியே அனுப்பவேண்டும் என்பதுதான் என் ஒரே எண்ணம். தொண்ணூற்றேழு ஆவணியில் கனடாவுக்குப் பயணம் சரிவந்தது. பையன் போகமாட்டேன் என்று நின்றான். இறக்கக்கண்டியிலிருந்து தையல்கடைக்கு வந்துபோகும் குணேஸ்வரியை விட்டுவிட்டு அவனுக்கு ஏலாதாம். நல்ல பிள்ளைதான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தப் பிள்ளை ஒருநாள் மத்தியானம் என் கடைக்கு வந்தது.

“மாமி, சோதிக்கிற பொம்பிளை நேற்று என்ர முழங்கையை ரெண்டுதரம் திருப்பித் திருப்பிப் பார்த்தவ. எனக்குப் பயமாக் கிடக்கு. கறுப்புப் போக ஏதும் தாங்கோ.”

உங்களுக்குத் தெரியாததா? இயக்கத்தில் பயிற்சி எடுத்தவர்களுக்குத் தரையில் ஊர்ந்து ஊர்ந்து முழங்கையும் முழங்காலும் காய்த்துக் கறுத்திருக்கும் என்று சோதனைச்சாவடியில் அதைத்தான் தேடுவார்கள். இவளுடையது தையல் மேசையில் ஊன்றி ஊன்றி வந்த இலேசான கறுப்பு. கிளிசரின் போத்தல் எனக்குப் பின்னால் தட்டில் இருந்தது. பத்து நாளில் சரிவந்திருக்கும்.

நான் தேசிக்காய் சொன்னேன்.

தேசிக்காய்ப் புளி தோலை வெளுக்கப்பண்ணும் என்பது ஊருக்கே தெரியும். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் வெந்து கொப்பளித்து, பிறகு மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும் என்பது பலருக்குத் தெரியாது. ஊறுகாய்க்கென்று நூறு தேசிக்காயைப் பிளந்து வெயிலில் காயவைத்த என்னுடைய கைகளில்தான் நான் அதைப் படித்தேன்.

“பாதியா வெட்டித் தேய் பிள்ளை. கழுவாத. வெயிலிலை நல்லாக் காயவிடு. முழங்காலுக்கும் போடு” என்றேன். முழங்காலைப் பற்றி அவள் கேட்கவே இல்லை.

பயந்து ஒரு மாதம் பஸ் ஏறாமல் வீட்டோடு கிடப்பாள், அவளைக் காணாமல் மனம் மாறி அதற்குள் மகன் பறந்துவிடுவான். அவ்வளவுதான் என் நினைப்பு. தாய்க்கு அவ்வளவு சுயநலம் இருக்கலாம்தானே.

நான்காம் நாள் வந்து நின்றாள். கொப்புளம் உடைந்து, சுற்றிவரக் கறுக்கத் தொடங்கியிருந்தது.

“ஊத்தை வெளிக்கிடுது, பயப்பிடாத” என்றேன். “விடாமல் போடு. வேலைக்கும் வா. வராமல் நிண்டால்தான் சந்தேகப்படுவினம்.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று என்னையே எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். வீட்டோடு கிடக்கட்டும் என்று நினைத்தவள் அப்படிச் சொல்லமாட்டாள்.

அடுத்த கிழமை அவளைப் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். மறுநாள் என்னை இராணுவ முகாமுக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி மரியாதையானவர், கதிரை தந்தார். மேசையில் அவளுடைய பையிலிருந்து எடுத்த தேசிக்காய்ப் பாதி காய்ந்துபோய்க் கிடந்தது. குணேஸ்வரி சுவரோடு நின்றாள். என்னைக் கண்டதும் அவளுடைய முகம் மலர்ந்தது. தேடிவந்த ஆள் வந்துவிட்டது என்கிற மாதிரி.

மொழிபெயர்க்கிறவர் கேட்டார்: “இந்தப் பிள்ளை தேசிக்காயாலைதான் கறுத்தது எண்டு சொல்லுது. உண்மையோ?”

‘ஓம்’ என்ற ஒரு சொல் போதும். அவளை விட்டிருப்பார்கள். பின்னேர பஸ்ஸில் அவள் என் மகனைப் பார்க்க வந்திருப்பாள்.

“தேசிக்காய் தோலை வெளுக்கப்பண்ணும் ஐயா, கறுக்கப்பண்ணாது” என்றேன்.

அதிகாரி தலையாட்டினார். அவருடைய தாயும் தேசிக்காய்தான் தேய்ப்பாராம்.

“மாமி, நீங்கள்தானே வெயிலிலை காயவிடச் சொன்னனீங்கள்” என்றாள் குணேஸ்வரி. சத்தம் போடவில்லை, மறந்துபோன ஒருவருக்கு ஞாபகப்படுத்துகிற மாதிரித்தான் சொன்னாள்.

“பிள்ளை பயத்திலை கதைக்குது” என்றேன். அதற்குப் பிறகு அவளை ஒருவரும் காணவில்லை.

அவளோடு பழகியவன் என்று உன்னையும் தேடி வருவார்கள் என்று மகனிடம் சொன்னேன். அழுதழுது போனான். இப்போது கனடாவில் உயிரோடு இருக்கிறான். குளிரில் கை வெடிக்கிறது என்று எழுதினான், கிளிசரின் பூசச் சொல்லிப் பதில் போட்டேன். குற்றம் என்னுடையது ஐயா. பயமோ, யுத்தமோ, இராணுவமோ என்று நான் வேறெங்கும் சாட்டவில்லை. அந்தப் பிள்ளையைக் கொடுத்தது நான்.

ஆனால் கைவிட்டுவிட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள். நல்லம்மா மகளைத் தேடி முகாம் முகாமாக நடந்து குதிகால் பாளம் பாளமாக வெடித்திருந்தது. வெள்ளிக்கிழமைகளில் என் கடைக்கு வருவார். நானே அவருடைய காலை மடியில் வைத்து, தேன்மெழுகும் தேங்காயெண்ணெயும் காய்ச்சிப் பூசிவிடுகிறேன். இப்போது வெடிப்பு நன்றாக ஆறிவருகிறது. இன்னும் எத்தனை முகாம் என்றாலும் அவர் நடப்பார்.