பத்தாவது டிக்கெட்டும் பறக்கும் மிருகமும்

லிங்கசாமி: தந்தி மாரியம்மன் மேல சத்தியமாச் சொல்றனுங்க தம்பி. இனி நான் பேசறதுல ஒரு சொல்லு பொய்யின்னா, இந்தக் குன்னூர்ப் பனி என் நெஞ்சுல கட்டிக்கிட்டுக் கரையாமக் கெடக்கட்டும். அந்த மிருகம் பறந்து வந்து எறங்கற சீன் இருக்குதுங்களே... அது சுத்த மோசம்.

மகேஷ்: நான் இன்னும் டிக்கெட்டே வாங்கலீங்க ஐயா.

லிங்கசாமி: அதனாலதான் இப்பச் சொல்றேன். வாங்குன பொறவு சொன்னா அது துரோகமுங்க.

வசந்த்குமார்: அண்ணா! லிங்கசாமியண்ணா! கவுண்டர மறைச்சுட்டு நின்னு என்ன பண்றீங்க? சார், நீங்க இப்படி வாங்க. நான் இந்தத் தியேட்டர் மேனேஜருங்க, வசந்த்குமார். பால்கனிங்களா, கீழயா?

மகேஷ்: இருங்க சார். இவரு என்னமோ சொல்றாரு...

வசந்த்குமார்: அவரு தேயிலை ஃபேக்டரியில இருந்தவரு. எலை வெல விழுந்து ஃபேக்டரி பூட்டிக் கெடக்குது. ஆளுக்கு வேலையில்ல. வாய் மட்டும் மூணு ஷிப்ட் ஓடுது.

லிங்கசாமி: முப்பத்தொரு வருசம் வாடல் பரண்ல நின்னவனுங்க தம்பி. பறிச்ச எலையப் பரப்பி, காத்து உட்டு வாட வெக்கற எடம். முத்தல் எலை கண்ணுல பட்டா மூட்டையோட திருப்பிருவேன். மந்திரி தோட்டத்து எலையா இருந்தாலும் சரி. அந்தக் கண்ணோட படம் பாத்தா... என்ன பண்றது, முத்தல் முத்தலாத்தான் தெரியுது.

மகேஷ்: ஐயா, நான் திருச்சிக்காரன். வெலிங்டன்ல ஆபீஸ் வேலை. வந்து ஒரு மாசமாச்சு, பனியத் தவிர வேற ஒண்ணும் பாக்கல. இன்னிக்கு லீவு போட்டு இந்தப் படத்துக்குன்னே வந்திருக்கேன். பறக்கற மிருகம், மந்திர வாளு, ஆகாசத்துல சண்ட... இதெல்லாம்னா எனக்கு உயிரு. என் முன்னாடி கிராபிக்ஸ யாரும் குறை சொல்லக் கூடாது.

வசந்த்குமார்: அப்படிச் சொல்லுங்க சார்! போஸ்டரப் பாருங்க. ‘கண்களை நம்ப மாட்டீர்கள்’னு போட்டிருக்குது.

லிங்கசாமி: அது சரியாத்தான் போட்டிருக்கறாங்க.

வசந்த்குமார்: அண்ணா...!

மகேஷ்: எறங்கற சீன்ல என்ன மோசம்? அதச் சொல்லுங்க மொதல்ல.

லிங்கசாமி: கனமில்லீங்க. ஆனை நாலு சேந்த உருவம். வந்து எறங்குது, பூனை சமையக்கட்டுல எறங்கற மாதிரி. ஒரு செடி சாயல. ஒரு மண்ணு சரியல. இந்த மலையில ஒரு ஜீப்பு திரும்புனாலே பாதி ரோடு கூடத் திரும்புது.

மகேஷ்: அது மந்திர மிருகம்ங்க. கனம் இருக்காது.

லிங்கசாமி: கனம் இல்லாட்டி ஈரோயின் மேல விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது. பொறவு அந்தப் புள்ள எதுக்கு அந்தக் கத்து கத்துது?

மகேஷ்: ... அது ஒரு பாயிண்டுதான்.

வசந்த்குமார்: சார், பாயிண்டெல்லாம் வேண்டாங்க! உள்ளதச் சொல்லிடறேன். பத்து டிக்கெட் இல்லாம ஷோ ஓட்டக் கூடாதுன்னு மொதலாளி உத்தரவு. ஒரே ஒரு ஷோ கேன்சல் ஆனாலும் தியேட்டர உருளக்கெழங்கு குடோனாக்கிருவேன்னு கோயமுத்தூர்ல இருந்து போன் வந்திருக்குது. உள்ள ஒம்போது பேரு உக்காந்திருக்கறாங்க. மணி ரெண்டு இருபத்தஞ்சு. நீங்கதான் பத்தாவது. எனக்கு இங்க பதினெட்டு வருசங்க சார். கெழங்கு மூட்டைக்கு மேனேஜரா இருக்க எனக்குத் தெரியாது.

மகேஷ்: அப்ப இவரு? இவரையும் சேத்தா பத்து வந்துருமே?

வசந்த்குமார்: அவருக்கு டிக்கெட் கிடையாதுங்க. அவரு... எங்க ஆளு மாதிரி.

லிங்கசாமி: டீ உண்டு. பன்னு உண்டு.

மகேஷ்: படத்தத் திட்டறவருக்குத் தியேட்டர்ல பன்னு குடுக்கறீங்களா?

வசந்த்குமார்: அது... ஒரு பழக்கம்ங்க. அண்ணா, நீங்க உள்ள போங்க, போங்க. சனம் காத்திருக்குது.

லிங்கசாமி: தம்பி கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டுப் போறேன். எறங்கறதுன்னா எப்படி எறங்கோணும்னு எனக்குத் தெரியுமுங்க. நான் நேர்ல பாத்தவன்.

மகேஷ்: எத?

லிங்கசாமி: மிருகத்த.

வசந்த்குமார்: மாரியாத்தா...

லிங்கசாமி: போன ஐப்பசியில. அப்ப ஃபேக்டரி அரை உசுரா ஓடிட்டு இருந்துச்சு. எலை கிலோ நாலு ரூவாய்க்கு வந்தப்ப, பறிக்கற கூலிக்கே கட்டலைன்னு தேயிலைக் காட்ட அப்படியே உட்டுட்டாங்க. தேயிலையப் பறிக்காம உட்டா என்னாகுமுங்க?

மகேஷ்: என்னாகும்?

லிங்கசாமி: மரமாயிரும். எங்க ஏழாம் நம்பர் காடு நாலாளு உசரம் போயிருச்சு. உள்ள போன கங்காணி இசக்கி மூணு நாள் கழிச்சு கோத்தகிரியில வெளிய வந்தாரு. தாடியோட.

மகேஷ்: ஐயா...!

லிங்கசாமி: அந்தக் காட்டுலதான் எறங்குச்சு. சும்மா எறங்கல. மூணு சுத்து சுத்திப் பாத்துச்சு. சமதளமே இல்ல. கடைசில வந்தது வரட்டும்னு கால ஊனுச்சு, சர்ருனு சறுக்கி தோட்டத்து ஆளுக குடியிருக்கற லைன் ஊடு வரைக்கும் போயிருச்சு. இந்தச் சரிவுல நம்ம ரயிலே பல்லுச் சக்கரத்தப் புடிச்சுத்தான் ஏறுது. படத்துல பாத்தா பாறை மேல ஒத்தக் கால்ல நிக்குது. நடக்கற காரியமுங்களா?

மகேஷ்: சரி... அப்பறம்?

வசந்த்குமார்: சார், அப்பறம்னு கேக்காதீங்க. அப்பறம்னு கேட்டா அவருக்கு அணை ஒடஞ்ச மாதிரி.

லிங்கசாமி: ரெக்கைய ஒரு அடி அடிச்சுது பாருங்க, காத்துல காடு முழுக்க எலை உதிந்து கெடந்துச்சு. நாப்பது பேரு எட்டு நாள்ல பறிக்கறது, ஒரே அடியில.

மகேஷ்: அப்ப நல்லதுதானே?

லிங்கசாமி: என்ன நல்லது? ரெண்டு எலை ஒரு கொழுந்தாப் பறிக்கோணும். அது அஞ்செலை, காம்பு, கெளை, ஒரு குருவிக் கூடு... அத்தன முத்தல். பரண்ல ஏத்த மாட்டேன்னு திருப்பிட்டனுங்க.

மகேஷ்: யாருகிட்ட?

லிங்கசாமி: மிருகத்துக்கிட்டத்தான். அதுக்கு மூஞ்சி சுண்டிப் போச்சு.

மகேஷ்: ஹ... ஹா... மூஞ்சி சுண்டிருச்சா!

லிங்கசாமி: சிரிக்காதீங்க தம்பி, தீ கக்கிருச்சு. அத்தன எலையும் நின்ன நெலையில வறுபட்டுப் போச்சு. சரி, கழுதை போகட்டும்னு சலிச்சு, சாம்பிள் கட்டி ஏலத்துக்கு அனுப்புனோம். ருசி பாக்கறவரு ஒரு வாய் உறிஞ்சுனாரு. துப்புனாரு. ‘புகை வாசனை’ன்னு எழுதிட்டாரு. ஒரு ஆளு கை தூக்கல. அடுத்த வாரம் ஃபேக்டரியப் பூட்டிட்டாங்க.

மகேஷ்: வெளிநாட்டுல இருந்து வர்ற தேயிலையால வெல விழுந்துச்சுன்னு பேப்பர்ல போட்டிருந்தாங்களே?

லிங்கசாமி: மிருகமும் வெளிநாடுதானுங்களே.

வசந்த்குமார்: ரெண்டு இருபத்தேழு!

லிங்கசாமி: எதுக்குச் சொல்றேன்னா... தீன்னா புகை வரோணும். இந்தப் படத்துல கோட்டையே எரியுது, ஒரு கொசு சாகற அளவுக்குக் கூடப் புகையில்ல.

மகேஷ்: புகையப் போட்டா ஈரோ மூஞ்சி தெரியாதுங்க ஐயா. அதுக்குத்தான் விட்டிருப்பாங்க. கிராபிக்ஸ்ல தீ ஒரு ஆளு பண்ணுவாரு, புகை இன்னொரு ஆளு பண்ணுவாரு. புகைக்காரரு லீவுல போயிருக்கலாம்.

லிங்கசாமி: அப்படின்னா ஒத்துக்கறேன். எங்க ஃபேக்டரியிலயும் அப்படித்தான் நடந்துச்சு.

மகேஷ்: ஆனா ஈரோ மலை உச்சியில இருந்து குதிக்கற சீன் பிரமாதமாமே? என் ரூம்ல கூட இருக்கறவன் ஊர்ல பாத்துட்டுச் சொன்னான்.

லிங்கசாமி: குதிக்கறான். ரெண்டு நிமிசம் விழுறான். தோள்ல போட்ட துண்டு அசையல. நம்ம டால்பின் நோஸ் பாறை உச்சியில இருந்து ஒரு கைக்குட்டைய உட்டுப் பாருங்க, மேல திரும்பி வந்து மூஞ்சியில அடிக்கும். இவனுக்குத் துண்டு மட்டும் ஆணி அடிச்ச மாதிரி.

மகேஷ்: துண்டா? போர்வீரன் துண்டா போட்டிருக்கான்?

லிங்கசாமி: ... குளிருமுங்களே.

வசந்த்குமார்: சார், டப்பிங் படம்ங்க. கொஞ்சம் முன்னப் பின்னத்தான் இருக்கும்.

லிங்கசாமி: பொறவு அந்த ரெக்கை. நேத்து கோட்டை மேல எறங்குச்சு, முந்தாநாள் ஆத்துக்குள்ள எறங்குச்சு...

மகேஷ்: இருங்க. நேத்து கோட்டை, முந்தாநாள் ஆறா? ஒரே படம்தானே?

வசந்த்குமார்: ரீல்... ரீல மாத்தி மாத்திப் போடுவோம்ங்க சார். ஆர்வமா இருக்கும்னு.

மகேஷ்: ஐயா, நீங்க இத எத்தன தடவ பாத்தீங்க?

லிங்கசாமி: கணக்கு வெக்கலீங்க.

வசந்த்குமார்: அண்ணா, ஒரு நிமிசம் இப்படி வாங்க... உங்களக் கும்புட்டுக் கேக்கறேன். போன ஞாயித்துக்கெழம நீங்க திட்டுனதுல பாதிச் சனம் இடைவேளையில எந்திரிச்சுப் போயிருச்சு. நல்லதா நாலு வார்த்த சொன்னா உங்களுக்கு என்ன கொறஞ்சு போகுது? மிருகத்த ஒழுங்கா எறக்குனாத்தான் என்ன?

லிங்கசாமி: எறங்கலியே தம்பி. எறங்காதத எறங்குச்சுன்னு எப்படிச் சொல்றது?

வசந்த்குமார்: கண்ண மூடிட்டுச் சொல்லுங்க!

லிங்கசாமி: கண்ண மூடுனாத்தான் எனக்கு இன்னும் நல்லாத் தெரியுது, அது சறுக்கறது.

மகேஷ்: என்ன சார், மிருகத்த இவரா எறக்கறாரு?

வசந்த்குமார்: பேச்சுவாக்குல சொன்னேன்ங்க சார்.

மகேஷ்: உள்ள யாரோ இவரு பேரச் சொல்லிக் கத்தறாங்களே?

லிங்கசாமி: அது மூக்கம்மாங்க. எங்க தோட்டத்துல கொழுந்து பறிச்ச புள்ள. நான் போய் உக்காராம அவளுக்குப் படம் ஓடாது.

மகேஷ்: தினமும் வருவாங்களா?

லிங்கசாமி: தோட்டத்துல வேலை நின்னு போச்சு. ஊட்டுல உக்காந்தா நெனப்பு ஓடும். இங்கன்னா மிருகம் ஓடுது. அது தேவலைன்னு ஒம்போது பேரும் தெனம் வந்தர்றாங்க.

மகேஷ்: ம்... சார், தப்பா நெனைக்காதீங்க. இவரு சொல்றதக் கேட்டா தீயில புகையில்ல, மிருகத்துக்குக் கனமில்ல, துண்டு அசையல. நான் அடுத்த வாரம் கோயமுத்தூர் போறப்ப அங்கயே பாத்துக்கறேன். இப்ப ஒரு பஸ்ஸப் புடிச்சா ரூமுக்குப் போயிரலாம்...

வசந்த்குமார்: சார்! சார், போகாதீங்க! அண்ணா, பாத்துட்டீங்களா? போறாரு பாருங்க! நாளைக்கு இந்தக் கதவத் தொறந்தா கெழங்கு நாத்தந்தான் வரும். மூக்கம்மா எங்க போவா? நீங்க எங்க போவீங்க? இப்பப் பேசுங்கண்ணா! எப்பவும் நிக்காத வாய், இப்ப நின்னு போச்சு!

லிங்கசாமி: தம்பி... ஏனுங்க, திருச்சித் தம்பி! ஒரு நிமிசம்.

மகேஷ்: சொல்லுங்க.

லிங்கசாமி: ஒரே ஒரு சீனு நல்லா இருக்குதுங்க. கடைசியில. சண்டையெல்லாம் முடிஞ்சுருது, மழை புடிச்சுக்குது. ஈரோ ஊட்டுக்குப் போயிட்டான். அந்த மிருகம் மட்டும் தனியா மலை மேல நனைஞ்சுட்டு உக்காந்திருக்குது. குன்னூர்ல ஒரு பனியன் காய மூணு நாளாகுது, அத்தாம்பெரிய ரெக்கை எப்பக் காயறது?

மகேஷ்: ம்.

லிங்கசாமி: மெல்ல எந்திரிக்குது. கொழுந்து பறிக்கற பொம்பளைங்க மழைக்குப் போத்துன கம்பளிய, பொழுது சாஞ்சு ஊட்டு வாசல்ல வந்து ரெண்டு கையாலயும் ஒரு ஒதறு ஒதறுவாங்க, பாத்திருக்கீங்களா? அலுப்பும் சேந்து போற மாதிரி. அப்படி ஒதறுது. ரெண்டே ஒதறு. தண்ணி தெறிச்சு முத்து முத்தா நிக்குது, ஒவ்வொரு முத்துலயும் அந்த எரிஞ்ச கோட்டை சின்னதாத் தெரியுது. அதுல ஒரு முத்தல் இல்லீங்க. அந்த வேலைய எவன் பண்ணுனானோ, அவன் கையக் கண்ணுல ஒத்திக்கலாம்.

வசந்த்குமார்: அண்ணா... இந்தச் சீன் எப்ப வந்துச்சு? நான் இதுவரைக்கும் கேட்டதே இல்ல...

லிங்கசாமி: இன்னிக்கு வருமுங்க.

மகேஷ்: கீழ ஒண்ணு குடுங்க சார்.

வசந்த்குமார்: சார்! தெய்வமே! இந்தாங்க, இந்தாங்க. பத்தாச்சு! மணி ரெண்டரை! கதவச் சாத்தச் சொல்றேன்.

மகேஷ்: ஐயா, வாங்க, நீங்களும் நானும் சேந்தே போலாம். அந்த ஒதறற சீன ஒரு துளி விடாமப் பாக்கணும். எங்க உக்காந்தா நல்லாத் தெரியும்? முன்னாடியா, பின்னாடியா?

வசந்த்குமார்: அண்ணா... வேண்டாங்கண்ணா...

லிங்கசாமி: எம் பக்கத்துல எங்க வேணாலும் உக்காருங்க தம்பி. புரொஜக்டர் லைட்டு போயி பதினோரு நாளாச்சுங்க. தெரையில ஒண்ணும் வராது, சத்தம் மட்டுந்தான். படத்த நான்தான் வாயால ஓட்டறேன்.