புதுத் தேதி போட்ட கோப்பு

உங்கள் காவல் நிலையத்துத் தேநீரில் புதினா கொஞ்சம் தூக்கல், ஐயா. எனக்கு அப்படித்தான் பிடிக்கும்.

அட்லஸ் மலையில் துடா அக்கா பார்த்துக்கொள்ளும் நீரளவு நிலையம் இருக்கிறது. அங்குள்ள கணினி ஆற்றின் நீர்மட்டத்தைக் கோப்பில் எழுதிவைக்கும். மணிக்கொரு தரம் அதை நகரத்தில் எங்கள் அலுவலகத்துக்கு எடுத்து வருவது நான் எழுதிய ஸ்கிரிப்ட், தானாக ஓடும் சின்ன நிரல். மட்டம் எகிறினால் கீழே தரைப்பாலத்தில் சங்கு ஊதும், வண்டிகள் நின்றுவிடும்.

கோடையில் மலைக் கணினியையும், அதற்குள் நுழைய கடவுச்சொல் போல நீட்டும் சாவியையும் மாற்றினார்கள். நான் கையால் தட்டினால் கோப்பு வரும். ஸ்கிரிப்ட் தானாக ஓடினால் வராது. கோப்பு வராமல் திரையில் சிவப்பு எரிந்தால் இயக்குநர் என்னைத்தான் காய்ச்சுவார். அதனால் ஒரு வரி சேர்த்தேன்: கோப்பு வராவிட்டால் பழையதற்கே புதுத் தேதி போட்டு வை. ஆறோ வறண்டு கிடந்தது. யாருக்கு என்ன நஷ்டம், சொல்லுங்கள்.

அக்காவுக்கு மட்டும் சந்தேகம். ஒருநாள் போன் செய்தாள்.

"தம்பி, காலை அளவு வந்துச்சா?"

"வந்துச்சுக்கா. பச்சை எரியுதே."

"அடப்பாவி, காலையிலேருந்து மிஷினையே அணைச்சு வெச்சிருக்கேன். யார் காதுல பூ சுத்துற? வியாழக்கிழமை வந்து உங்க பெரியவர்கிட்டயே பேசிக்கிறேன்."

எனக்கு வீட்டில் இரண்டு பிள்ளைகள். இந்த வேலை போனால் வேறு கதியில்லை.

வியாழனன்று, அவள் வருவதற்குள் எல்லாவற்றையும் சரிக்கட்டிவிட உட்கார்ந்தேன். கோளாறு சிக்கியது. புதுச் சாவி என் பெயரில் இருந்தது. தானாக ஓடும்போது ஸ்கிரிப்ட் பழைய சாவியையே நீட்டிக்கொண்டிருந்தது. மாற்றினேன். உண்மைக் கோப்பு வந்தது. மலையில் நல்ல மழை, நீர் ஆளுயரத்துக்கு மேல். சங்குக்குப் போகுமுன் அதை நிறுத்தி வைத்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன்.

"வண்டியில வந்துட்டிருக்கேன். பாலம் கிட்டத்தான்" என்றாள். "பின்னால மலை இருட்டிக்கிட்டு வருது. அளவு பாத்தியா?"

"பாத்தேன்க்கா. ஒண்ணுமில்ல, வாங்க."

பிறகு பழைய கோப்பையே அந்த இடத்தில் வைத்தேன். சங்கு ஊதவில்லை. அவள் ஏறி வந்தது மாதிரி வாடகை வண்டிகள் ஆள் நிரம்பாமல் கிளம்பாது என்பதும் எனக்குத் தெரியும். பாலத்தில் வெள்ளம் வண்டியை இழுத்துப்போனது, ஒருவரும் கரையேறவில்லை என்று மாலையில் சொன்னார்கள். வருத்தமாகத்தான் இருந்தது.

எல்லாம் எழுதிவிட்டீர்களா, ஐயா? இன்னும் ஒன்று. ஸ்கிரிப்ட் இப்போது ஒழுங்காக ஓடுகிறது. அதைச் சரிசெய்தது நான்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.